காவி படாத சில்லு

“எம்மவன் செத்துட்டான்னு ஊர் முன்னாடி சொல்லிக்காட்ட உனக்கு அப்படி என்னடி அவசரம்?”

கம்கா இப்படிக் கேட்டபோது, மானைச் சுற்றிக் குந்தித் தோலுரித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். கையை மட்டும்தான். காதுகள் முன்னைவிட மும்முரமாக வேலை செய்தன.

“செத்துட்டார்னு சொல்ல வரலை அத்தை. ஓடிப்போகலைன்னு சொல்றேன்” என்றாள் மருமகள் குஷே. “ரெண்டும் வேற.”

“எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

“உங்களுக்கு ஒண்ணா இருக்கலாம். கிழங்கு தோண்டப் போற வழியெல்லாம் முதுகுக்குப் பின்னாடி சிரிப்பு கேக்குறது எனக்குத்தானே.”

அந்தச் சிரிப்புக்குச் சொந்தக்காரிகள் சிலர் அங்கேயே இருந்தார்கள். பக்கத்துக் குடிலுக்காரி பியே சட்டென்று குனிந்து, மானின் காலில் இல்லாத ஈயை விரட்டினாள்.

இத்தனை சத்தத்துக்கும் காரணமான பொருள் வேட்டைக்காரன் சௌகாவின் உள்ளங்கையில் இருந்தது. கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கல்சில்லு; அதையும் சவ்வும் இரத்தமும் மூடியிருந்தன. மானை வீழ்த்தியவன் சௌகாதான். முறுக்குக்கொம்பு மான், ஆணிலேயே பெரிசு. அதை எங்கள் பாறைக்குத் தூக்கிவருவதைவிடத் தேன்பாறை ஊர் மொத்தமும் அதனிடம் போவது சுலபம் என்று குழந்தைகுட்டிகளோடு எல்லோரும் போயிருந்தோம். தோள்பட்டையை அறுக்கும்போது சௌகாவின் கத்திக்கல் எதிலோ உரசியது. தோண்டிப் பார்த்தால், பழைய காயம். மேலே தோல் மூடி, உள்ளே சதை கட்டிப்பட்டு, அந்தக் கட்டிக்கு நடுவில் கொட்டைக்குள் பருப்பு மாதிரி இந்தச் சில்லு. எவனோ எப்போதோ எய்த அம்பின் அலகு.

முதலில் பட்ட அம்பு யாருடையதோ மான் அவருடையது. அவர்தான் பங்கு பிரிப்பார். பின்னால் எய்தவன் எத்தனை நாள் தடம் பார்த்து நடந்திருந்தாலும், வாயை மூடிக்கொண்டு கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். இந்த வழக்கத்துக்குக் கால எல்லை உண்டா, பழைய காயத்துக்கும் பொருந்துமா என்று அதுவரை யாரும் யோசித்ததில்லை. இப்போது யோசிக்க வேண்டி வந்ததில் சௌகாவின் முகம் தொங்கிய தொங்கலுக்கு, மானின் தாடைச்சதை கூட அவ்வளவு தொங்கவில்லை.

சில்லு வெளியே வந்த கணமே, கையில் வாங்கிப் பார்க்காமல், கழுவாமல், தள்ளி நின்றபடியே குஷே சொல்லிவிட்டாள்: “அது என்னுது. அவருக்கு நான் கட்டிக் கொடுத்த அம்பு.”

அதற்குத்தான் மாமியார் அப்படிப் பாய்ந்தாள்.

‘அவர்’ என்றால் தேபே. கம்காவின் மகன், குஷேயின் புருஷன். போன வறட்சிக்கு முன்னால் காணாமல் போனவன். காணாமல் போனான் என்று சொல்லுகிறேன். தேன்பாறையில் வேறு மாதிரிச் சொன்னார்கள்.

அந்த வருஷம் காட்டுத் தர்பூசணி நன்றாகக் காய்த்திருந்தது. காய்த்தால்தான் எங்களுக்கும் உப்புப்படுகை என்ற ஊருக்கும் நடுவில் கிடக்கும் தண்ணீரில்லாத வெளியைத் தாண்ட முடியும். காயைப் பிழிந்து குடித்துக்கொண்டே போகலாம், வரலாம். உப்புப்படுகைக்காரர்கள் வந்தார்கள். கூடி ஆடினார்கள், பரிசு மாற்றிக்கொண்டார்கள். தேபே அந்த ஊர்ப் பெண்ணொருத்திக்கு நெருப்புக்கோழி முட்டையோட்டு மணிச்சரம் ஒன்று கொடுத்தான். கோத்துக் கொடுத்ததே குஷேதான். அந்தப் பெண் முந்தின தடவை ஆமையோட்டுக் கிண்ணம் கொடுத்திருந்தாள், அதற்குப் பதில். அவ்வளவுதான் விஷயம். ஆனால் கொடுக்கும்போது தேபே சிரித்தான். அவன் எதற்குத்தான் சிரிக்கவில்லை? அம்பு கட்டுகிற வேலையை மனைவியிடம் விடுகிறான் என்று ஆண்கள் கேலி செய்தபோதும் சிரித்தான். “அவ கை கட்டினா காத்தும் கழட்டாது. நீங்களே கட்டிக் கட்டிப் பாதி அம்பைப் புல்லுல தேடுங்க” என்பான்.

பிறகு ஒரு நாள் வேட்டைக்குப் போனான். கூட்டாளி சௌகா காலில் முள்ளேறி நொண்டிக்கொண்டிருந்ததால் தனியாகத்தான் போனான். பொழுது சாயத் திரும்பி வந்தவன், யாரிடமும் பேசாமல் ஒரு ஓரமாக உட்கார்ந்தான். அப்படி உட்கார்ந்தால் அம்பு பட்டிருக்கிறது என்று அர்த்தம். என்ன, ஏதாவது கண்ணில் பட்டதா என்று மெல்லக் கேட்டதற்கு, “ஒண்ணுமில்லை. என்னவோ சின்னதா. உரசிட்டுப் போயிருக்கும்” என்றான். பெரிய மானை அடித்தவன் அப்படித்தான் சொல்லவேண்டும். மார்தட்டிக்கொண்டு வருகிறவனை மனுஷனாகவே மதிக்கமாட்டோம். அன்று குஷே வழக்கப்படி மெதுவாக நடந்தாள், தணலைத் தாழ்த்தி வைத்தாள், குரலை உயர்த்தாமல் இருந்தாள். வேட்டைக்காரன் வீட்டில் பரபரப்பு இருந்தால் அடிபட்ட மானுக்கும் பரபரப்பு வந்து எழுந்து ஓடிவிடும். விடிந்ததும் தேபே தடம் பார்க்கப் போனான். நஞ்சு மெல்ல ஏறி எங்கேயாவது மான் விழுந்திருக்கும், ஆள் கூப்பிட வருவான் என்று இருந்தார்கள்.

வரவில்லை. தேடிப் போனவர்கள் வெளியின் விளிம்புவரை அவன் காலடியைப் பார்த்தார்கள். அதற்குமேல் மணற்காற்று எல்லாவற்றையும் துடைத்திருந்தது. காலடி போன திசை, உப்புப்படுகைத் திசை.

வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்களுக்குத் தேன்கூடே கிடைத்த மாதிரி ஆயிற்று. மணிச்சரத்துக்குக் கண் முளைத்தது, மூக்கு முளைத்தது, கடைசியில் காலும் முளைத்து நடந்தது. அம்பு பட்டது என்பதே பாசாங்காம். ‘அவன்தான் அன்னைக்கே சொன்னானே, ஒண்ணுமில்லைன்னு’ என்று பியே எல்லோருக்கும் ஞாபகப்படுத்தினாள். அடக்கத்துக்குச் சொல்கிற வார்த்தையை யாராவது சாட்சியாக எடுத்துக்கொள்வார்களா? எடுத்துக்கொண்டோம். போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றாலும் வழியில்லை. அடுத்த பருவத்தில் மழை பொய்த்தது. கொடியெல்லாம் பூவிலேயே கருகிவிட்டது. தர்பூசணி இல்லாமல் அந்த வெளியைத் தாண்டப் பறவையால்தான் முடியும்.

குஷேயின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். செத்தவனுக்கு அழலாம். அவன் வில்லை ஒடித்து, தலையை மழித்து, காவி பூசாத முகத்தோடு ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்திருக்கலாம். மற்றவர்கள் தண்ணீர் கொண்டுவந்து தருவார்கள். ஓடிப்போனவனுக்கு அழுதால் வெட்கம்கெட்டவள் என்பார்கள். அழாமல் இருந்தால், அதனால்தான் ஓடினான் என்பார்கள். அவளுக்கு மான் வேண்டாம், பங்கு பிரிக்கிற பெருமையும் வேண்டாம். என் புருஷன் மானைத்தான் துரத்திப் போனான் என்று நாலு பேர் ஒப்புக்கொண்டால் போதும், உட்கார்ந்து அழுதுவிடுவாள்.

கம்காவின் கணக்கு வேறு. ஓடிப்போனான் என்ற பேச்சு கிளம்பிய புதிதில், பேசினவளைக் கிழங்குக்கோல் எடுத்து அடிக்கப் போனவள்தான் அவள். நிலா தேய்ந்து வளர, தேய்ந்து வளர, அவளுக்கு அந்தப் பேச்சு மெல்லப் பிடிக்க ஆரம்பித்தது. ஓடிப்போனவனுக்குத்தானே உயிர் இருக்கும்? கொஞ்ச காலத்தில் அவளே சொல்லத் தொடங்கினாள்: உப்புப்படுகைப் பெண்கள் புருஷனை நன்றாகக் கவனிப்பார்கள், பயல் இந்நேரம் கொழுத்திருப்பான். குழந்தைகூடப் பிறந்திருக்கும். பெண்ணென்றால் வழக்கப்படி அப்பாவைப் பெற்றவள் பெயர். அப்படியானால் வெளிக்கு அந்தப் பக்கம் ஒரு குட்டிக் கம்கா தவழ்ந்துகொண்டிருக்கிறாள். இதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தால், பொய் என்று சொல்ல எந்தப் பாவிக்கும் மனசு வராது.

ஆகவே அன்று மானின் முன்னால் ஒருத்தி தன் புருஷனைச் செத்தவனாக்கப் பார்த்தாள். இன்னொருத்தி அதே ஆளை ஓடுகாலியாகவே வைத்திருக்கப் பார்த்தாள். இருவருக்கும் அவன்மேல் இருந்தது ஒரே பாசம்தான்.

“தர்பூசணிக் காலத்துல உப்புப்படுகைக்காரங்களுக்குச் சில்லைக் கை நிறைய வாரிக் கொடுத்தியே, மறந்துபோச்சா?” என்றாள் கம்கா. “அதுல ஒண்ணை அவங்கள்ல எவனோ கட்டி எய்திருக்கான். மானுக்கு என்ன, இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு இருக்கா?”

அதில் நியாயம் இருந்தது. கொடுத்தது உண்மைதான். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

சௌகா தொண்டையைச் செருமினான். “அப்படின்னா பெரியம்மா, முதல் அம்பு அவங்களுது. மானும் அவங்களுது. பங்கை உலர்த்தி அனுப்பணும்.”

“அனுப்புடா. எம்மவன் கையாலயே வாங்கித் தின்னட்டும்.”

“அவங்க கட்டின அம்பா, நான் கட்டின அம்பான்னு பார்த்தாலே தெரிஞ்சுடும்” என்று குஷே முன்னால் வந்தாள். “இங்க குடு சௌகா.”

வாங்கினாள். சவ்வை நகத்தால் சுரண்டி எடுத்தாள். எச்சில் தொட்டுத் தோலாடையில் துடைத்தாள்.

கல்லைப் பார்த்ததுமே அவளுக்கு நெஞ்சு துள்ளியது. அவள் பிறந்த ஆற்றங்கரைக் கல். தேன் நிறத்தில் கறுப்பு நரம்பு ஓடும். கல்யாணமாகி வரும்போது ஒரு பை நிறையக் கொண்டுவந்தாள். பிறை மாதிரி வெட்டியிருந்தது: ஒரு பக்கம் நூல் போலக் கூர், வளைந்த முதுகுப் பக்கம் கொத்திக் கொத்தி மழுக்கியது. அந்தக் கொத்து எல்லோரும் கொத்துகிற பக்கத்திலிருந்து வராமல் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்திருந்தது. தேன்பாறையில் இடக்கைக்காரி அவள் ஒருத்திதான். இதெல்லாம் உப்புப்படுகைக்குக் கொடுத்த சில்லுக்கும் பொருந்தும் என்றாலும், இது கொடுத்ததில் சேர்ந்ததல்ல. ஒரு நுனி கொஞ்சம் உடைந்து, மறுபடி கொத்திச் சரிசெய்த சில்லு இது. குறை உள்ளதை யாராவது பரிசாகக் கொடுப்பார்களா? இதைத் தேபேவுக்காகத்தான் வைத்திருந்தாள். அவனிடம் காட்டி, ‘பல்லு உடைஞ்சாலும் கடிக்கும், உங்கம்மா மாதிரி’ என்று சொன்னதும், அவன் சத்தம் வெளியே கேட்காமல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததும்கூட ஞாபகம் வந்தது.

கத்திச் சொல்ல வாயைத் திறந்தாள். அந்தக் கையோடு சில்லைத் திருப்பி முதுகைப் பார்த்தாள்.

முதுகில் சிவப்பு இல்லை.

அம்பு கட்டத் தெரிந்த யாருக்கும் இது தெரியும். முள்மரத்துப் பிசினைத் தணலில் இளக்கி, காவிக்கல்லை அரைத்த பொடியைக் கொட்டிக் கிளறி, கொஞ்சம் தேன்மெழுகும் சேர்த்தால்தான் பிடிப்பு. அதில் பதித்த சில்லின் முதுகில் ஏறுகிற சிவப்பு கல் மண்ணாய்ப் போனாலும் போகாது. கழுவினால் போகாது, சுரண்டினால் போகாது, சதைக்குள் கிடந்தாலும் போகாது. காவி இல்லாத பிசின் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். பளபளவென்று காயும். ஆனால் எலும்பில் மோதினால் பனித்துளி உறைந்தது மாதிரி உடைந்து தெறிக்கும். இந்தச் சில்லின் முதுகு, துலக்கின பல் போல வெளுத்துக் கிடந்தது.

அந்த நாள் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. நாத்தனார் துவா பெரியவளான நேரம். பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். பூசுவதற்குக் காவி போதவில்லை என்று கம்கா வந்து, குஷேயின் பையிலிருந்த கட்டியை எடுத்துப்போனாள். கொஞ்சம் வையுங்க அத்தை என்றதற்கு, எம்பொண்ணுக்கு இது ஒரு தடவைதான் வரும், மலைக்குப் போனா உனக்குக் கூடை கூடையாக் கிடைக்கும் என்றாள். துவாவின் நெற்றியிலிருந்து பாதம் வரை பூசினார்கள். மிச்சத்தைக் கிழவிகள் முகத்தில் அப்பிக்கொண்டு ஆடினார்கள். அன்று பொழுது சாயத்தான் தேபே வந்து, மான் கூட்டம் பக்கத்தில் நிற்கிறது, காலையில் போகிறேன், ஒரு அம்பு தளர்ந்திருக்கிறது பார் என்றான். அரைக்கிற கல்லைச் சுரண்டிப் பார்த்தாள், ஒன்றும் இல்லை. கேட்டு வாங்கலாம். ஆனால் எல்லோர் காவியும் எல்லோர் உடம்பிலும் வியர்வையோடு ஓடிக்கொண்டிருந்தது. சாம்பலைப் போட்டுக் கிளறினாள். ஒரே ஒரு அம்புதானே. கெட்டியாகத்தான் காய்ந்தது. மேலே தேபே நஞ்சைத் தடவிக்கொண்டான். கூரில் தடவினால் கையைக் கிழித்துக்கொள்வோம் என்று, சில்லுக்குப் பின்னால் பிசின்மேல்தான் எப்போதும் தடவுவது.

மீதியை அவள் யாரும் சொல்லாமலே பார்த்தாள். அம்பு தோளெலும்பில் மோதுகிறது. பிசின் உடைகிறது. கல் மட்டும் உள்ளே போகிறது. நஞ்சு அத்தனையும் பிசினோடு புல்லில் விழுகிறது. அலகு உள்ளே தங்கித் தண்டு மட்டும் கீழே விழுவது வழக்கம்தான், அதைப் பார்த்து அவன் சந்தோஷப்பட்டிருப்பான். மறுநாள் இரத்தத் துளியைப் பார்க்கிறான், குளம்புத் தடத்தைப் பார்க்கிறான். நஞ்சு ஏறினால் மான் நடை தளரவேண்டும். இந்த மான் தளராது. தளரும் தளரும் என்று பின்னால் போகிறான். முட்டையோட்டுக் குடுவையில் இருந்த தண்ணீர் தீர்கிறது. திரும்பியிருக்கலாம். திரும்பமாட்டான். அவ கை கட்டினா காத்தும் கழட்டாது.

இத்தனை காலம் அவள் வெறுத்த பேச்சு அந்தக் கணத்தில் அவளுக்குத் தித்தித்தது. ஓடிப்போயிருக்கட்டும். அந்த மணிச்சரக்காரியோடு இருக்கட்டும். கொழுத்துப்போய், தொப்பை விழுந்து, என் பேச்சு வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கட்டும்.

“என்னடி, வாயடைச்சுப் போச்சு?” என்றாள் கம்கா. ஆனால் குரலில் பழைய உறுதி இல்லை. மருமகள் வாயிலிருந்து என்ன வரப்போகிறதோ என்று பயந்த குரல்.

குஷே நிமிர்ந்தாள்.

“இது என் கை இல்லை” என்றாள்.

சில்லு அவள் விரலிடுக்கில் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரித்தான் இருந்தது. தேன் நிறம், கறுப்பு நரம்பு. எங்களுக்கா அந்தக் கல்லைத் தெரியாது? எந்த வீட்டில் எந்தப் பிள்ளை யார் ஜாடை என்று பிறக்குமுன்னே சொல்கிற பியேகூட அன்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கம்கா கையை நீட்டினாள். குஷே கொடுத்துவிட்டாள். கிட்டப் பார்வை மங்கிப்போனவள் கம்கா. எதையும் கையை நீட்டித் தூரத்தில் வைத்துத்தான் பார்ப்பாள். சில்லை வெயிலுக்கு நேராகப் பிடித்து, இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, வெகுநேரம் பார்த்தாள். நிறத்தைப் பார்த்தாளோ, முதுகைப் பார்த்தாளோ, வெறும் வெயிலைத்தான் பார்த்தாளோ, குஷேவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

“நாந்தான் சொன்னேனே” என்றாள் கடைசியில். ஜெயித்தவள் பேசுகிற மாதிரி இல்லை. உடம்புக்கு முடியாதவள் தண்ணீர் கேட்கிற மாதிரி இருந்தது.

சௌகா பங்கு பிரித்தான். உப்புப்படுகைக்கு என்று முதுகுச்சதையில் நல்ல பெரிய கீற்றாக அறுத்து, அடையாளத்துக்குச் சில்லையும் அதிலேயே நாரால் கட்டினான். குஷேவுக்குக் கழுத்துச்சதையும் கொஞ்சம் நெஞ்சுக் கொழுப்பும் வந்தது. வேண்டாம் என்றால் ஏன் என்பார்கள். வாங்கித் தணலில் போட்டாள். பக்கத்தில் கம்கா வந்து உட்கார்ந்தாள். அன்று காலைவரை ஒருத்தி தணலை ஒருத்தி எட்டிப் பார்க்காதவர்கள். அந்த மான் கொழுப்புக்கு ஈடு எதுவும் கிடையாது என்பார்கள். இருவரும் மென்றார்கள். மென்றுகொண்டே இருந்தார்கள். மற்றவர்களெல்லாம் தின்று முடித்து, ஆடத் தொடங்கிய பிறகும், ஒருவரையொருவர் பார்க்காமல் அந்த இரண்டு தாடைகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன.

உப்புப்படுகைக்கான கீற்று பாறைக்குத் திரும்பியதும் பெரிய முள்மரத்தில் தொங்கவிடப்பட்டது. யார் கொண்டுபோவது? வெளியைத் தாண்ட முடியாது, காய் இல்லை என்றார்கள். உண்மைதான். வழி இருந்திருந்தாலும் யாரும் போயிருக்கமாட்டார்கள் என்பதும் உண்மைதான். கீற்று கறுத்தது, சுருங்கியது, காற்றில் மரத்தைத் தட்டியது. அந்தச் சத்தம் கேட்கிற போதெல்லாம் குஷே கையிலிருப்பதைப் போட்டுவிட்டு விறகு பொறுக்கப் போய்விடுவாள். அத்தனை விறகு அவள் தணலுக்குத் தேவையில்லை. போகும்போது உலர்ந்த கண்ணும், வரும்போது சிவந்த கண்ணுமாக இருப்பாள். பியேவுக்கு இதைப் பற்றிச் சொல்ல நிறைய இருந்திருக்கும், சொல்லவில்லை. தலை மழிக்காமல், வில் ஒடிக்காமல், ஒரு பெண் தன் புருஷனுக்கு அழுது முடிக்க எவ்வளவு விறகு வேண்டும் என்று தேன்பாறைக்குத் தெரிந்திருந்தது.

குளிர் தணிந்த பிறகு ஆற்றங்கரையிலிருந்து யாம் என்பவன் வந்தான். பெண்டாட்டியைப் பிரசவத்தில் இழந்தவன். பேச்சு வராது, இருமல் மட்டும் வரும். குஷேயின் தகப்பன் வழி உறவு. தேன் நிறக் கல் ஒரு பை கொண்டுவந்து அவள் குடில்முன் வைத்துவிட்டு, வைத்ததே குற்றம் மாதிரி இருமிக்கொண்டு போனான். ஓடிப்போனவனின் பெண்டாட்டி வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வதில் எங்களிடம் குற்றமில்லை. செத்தவனின் பெண்டாட்டியாக இருந்திருந்தால் இன்னும் ஒரு மழைக்காலம் காத்திருக்கவேண்டும். அந்தமட்டில் அவள் சொன்ன பொய் அவளுக்கு உதவியது என்று சிலர் சொன்னார்கள். சொன்னவர்களுக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தெரியாது.

அவள் யாமோடு ஆற்றங்கரைக்குப் புறப்பட்ட காலையில் கம்கா வந்தாள். கையில் தோலில் சுற்றிய ஏதோ கனமாக இருந்தது. மலைக்குப் போய் வந்திருக்கிறாள் என்பது அவள் முழங்காலைப் பார்த்தாலே தெரிந்தது, இரண்டும் வீங்கியிருந்தன. தோலைப் பிரித்தாள். குழந்தைத் தலை பருமனுக்குக் காவிக்கட்டி; வெட்டின இடத்தில் ஈரல் மாதிரிச் சிவந்திருந்தது.

குஷேயின் கையில் வைத்தாள்.

“பிசின்ல போடுறப்போ கஞ்சத்தனம் பண்ணாதே” என்றாள். “யாரு வந்து கேட்டாலும் எடுத்துக் குடுத்துடாதே. நானே வந்து கேட்டாலும் குடுக்காதே.”

குஷே, அத்தை என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். கம்கா கேட்க நிற்கவில்லை. வீங்கின முழங்காலோடு குடிலுக்குள் போய், வெயில் ஏறும்வரை வெளியே வரவில்லை. யாம் இருமினான். இருவரும் புறப்பட்டார்கள். கட்டியைத் தலையில் வைத்தால் சுலபமாக இருந்திருக்கும். அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்ததாக, வழியனுப்பத் தூரம்வரை போன பியே வந்து சொன்னாள். வேறெதுவும் சேர்க்காமல் அவள் ஒரு செய்தி சொன்னது எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

அதற்கடுத்த மழை நன்றாகப் பெய்தது. கொடி படர்ந்தது, வெளியெங்கும் காய் உருண்டது. உப்புப்படுகைக்காரர்கள் வந்தார்கள். மணிச்சரம் வாங்கிய பெண்ணும் வந்தாள், தன் ஊர்ப் புருஷனோடும் இடுப்பில் ஒரு பையனோடும். சரம் கழுத்திலேயே இருந்தது. வருகிறவர்களிடம் அத்தையின் கால்வலியிலிருந்து கேட்கத் தொடங்குகிற எங்கள் ஊர், அன்று எவ்வளவோ கேட்டது. மழை எப்படி, கிழங்கு எப்படி, யார் யாருக்குப் பிள்ளை. தேபேயைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. சௌகா முள்மரத்திலிருந்து கீற்றை இறக்கி, உங்கள் பங்கு என்று கொடுத்தான். அவர்களுக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. அதில் பல் இறங்கவும் இல்லை. மரியாதைக்கு வாங்கிக்கொண்டு, எங்கள் பாறை தாண்டியதும் எங்கேயாவது போட்டிருப்பார்கள். சில்லும் அதோடு போயிற்று.

அந்தக் கூட்டத்தில் வந்த ஒருவனைத் துவா கல்யாணம் செய்துகொண்டு உப்புப்படுகைக்கே போய்விட்டாள். கம்கா மறுப்புச் சொல்லவில்லை. அண்ணன் இருக்கிற ஊர், உனக்கென்ன குறை என்றுகூடச் சொல்லி அனுப்பினாள். காய் காய்க்கிற வருஷங்களில் துவா தாயைப் பார்க்க வருவாள். வந்து சுமையை இறக்கிவைத்ததும், யாரும் கேட்காமலே, “அண்ணன் நல்லா இருக்கார்மா. கொஞ்சம் பருத்துட்டார்” என்பாள். கம்கா தலையாட்டிக்கொண்டு, குட்டிக் கம்காவுக்கு என்று கோத்துவைத்த மணிச்சரத்தை எடுத்துக் கொடுப்பாள். துவா வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொள்வாள். போகும்போது அவள் கழுத்தில் ஒவ்வொரு தடவையும் ஒரு சரம் கூடியிருக்கும்.

குஷே ஆற்றங்கரையில் இருக்கிறாள். யாமுக்கு அவளிடம் ஒரு பையனும் ஒரு பெண்ணும். அவள் கட்டுகிற அம்பைத் தொட்டால் கை சிவந்துபோகிறது, அவ்வளவு காவி போடுகிறாள், வீண் செலவு என்று அங்கேயிருந்து வருகிறவர்கள் குறைப்படுகிறார்கள்.